வேண்டாம் என்று சொன்ன இடம்

அந்த வருடம் மழை, வீட்டுக்கு வந்த உறவுக்காரர் மாதிரி, கிளம்புகிறேன் கிளம்புகிறேன் என்று சொல்லிக்கொண்டே உட்கார்ந்திருந்தது. பஸ் டிப்போவின் பின்மதிலை ஒட்டிய சந்தில் யார் வீட்டிலும் துணி காயவில்லை. வீட்டுக்குள்ளேயே குறுக்கும் நெடுக்குமாகக் கயிறு கட்டி, ஈரத்துணிகளை விலக்கிக்கொண்டுதான் சமையலறைக்கும் முன்னறைக்கும் போய்வர வேண்டியிருந்தது. முன்னறை ஜன்னலோரக் கட்டிலில் அப்பா படுத்திருந்தார். அவர் முகத்துக்கு நேரே தொங்கிய போர்வையைச் சின்னவள் தள்ளிப் போட்டாள்.

"இருக்கட்டும் விடு. வெளியில மட்டும் என்ன பெருசா தெரியுது" என்றார்.

பேச்சு கொஞ்சம் குழறும். வீட்டில் இருப்பவர்களுக்குப் புரியும். வெளியாட்கள் வந்தால் அவர் வாயைத் திறப்பதில்லை.

அவர் லிப்ட் மெக்கானிக்காக இருந்தவர். ஊரில் உள்ள உயரமான கட்டடம் ஒவ்வொன்றையும் அவருக்குத் தெரியும், ஆனால் உள்பக்கமாகத் தெரியும். இரும்புக் கயிறும் கிரீஸும் இருட்டுமாகக் கீழிருந்து மேல் வரை போகும் அந்தக் குழாய்க்குள்ளேயே அவர் வயது போனது. ஒருநாள் ஒரு மொட்டைமாடி மெஷின் ரூமில் கிரீஸ் டப்பாவைத் திறந்தவர் அப்படியே சரிந்துவிட்டார். தண்ணீர்த் தொட்டியைப் பார்க்கப் போன வாட்ச்மேன்தான் கண்டு சொன்னான். உயிர் தங்கியது. வலது கையும் வலது காலும் தங்கவில்லை. கம்பை ஊன்றிக் காலை இழுத்து இழுத்துக் குளியலறை வரை போய்விடுவார். சாப்பாடுதான் பிரச்சினை, இடது கைக்குச் சோறு எடுத்துப் பழக்கமில்லை. ஊட்டினால் சாப்பிடுவார். அதுவும் அம்மாவோ சின்னவளோ ஊட்ட வேண்டும். நடுவில் ஒரு பெண்ணை மத்தியானத்துக்கு மட்டும் ஏற்பாடு செய்து பார்த்தார்கள். முதல் நாளே அவர் தட்டைத் தள்ளிவிட்டார். அந்தப் பெண் சோற்றைப் பெருக்கி அள்ளிவிட்டுப் போனவள், மறுநாள் வரவில்லை.

அம்மா சட்டைக் கம்பெனியில் காலர் தைக்கிறாள். விடியும் முன்பே சமைத்து மூடிவைத்துவிட்டுப் போனால் விளக்கு வைக்கும் நேரத்துக்குத்தான் திரும்புவாள். மூத்தவள் கட்டிக்கொண்டு போன ஊர் ஒரு ராத்திரி ரயில் தூரம். ஆக, மத்தியானம் சின்னவளுடையது. அவள் கல்லூரியில் கணக்கியல் படித்தாள். காலை வகுப்பு என்பதால் மத்தியானம் வீட்டுக்கு வந்துவிட முடிந்தது. கடைசி வருடம் வரும் வரை எல்லாம் ஒரு மாதிரி ஓடிக்கொண்டிருந்தது.

கடைசி வருடத்தில் ஆறு மாதம் ஏதாவது ஒரு கம்பெனியில் பயிற்சிக்குப் போயாக வேண்டும். இடத்தை அவரவரே தேடிக்கொள்ள வேண்டும். வகுப்பில் கொஞ்ச நாளாக வேறு பேச்சே இல்லை. ஒருத்திக்கு ஏசி இருந்தால் போதும். ஒருவனுக்குக் கைச்செலவுக்கு எவ்வளவு தருவார்கள் என்பதுதான் கேள்வி. ஆடிட் கம்பெனிக்குப் போனால் நாலு கம்பெனிக் கணக்கைப் பார்க்கலாம் என்றான் ஒருவன். நாலு கம்பெனியிலும் டீ குடிக்கலாம், அவ்வளவுதான் என்றான் இன்னொருவன். பாடம் எடுக்கும் மேடம் வருகைப் பதிவேட்டை மூடிக்கொண்டே சொன்னாள்: "பேர்ப் பலகையப் பார்த்துப் போகாதீங்க. வருஷக் கடைசிக் கணக்கு முடிக்கிறப்ப கூட உட்கார வைப்பீங்களான்னு கேட்டுட்டுப் போங்க. ஜெராக்ஸ் எடுக்கச் சொல்ற இடத்துக்குப் போனா ஜெராக்ஸ்தான் கத்துக்குவீங்க."

சின்னவளும் அவள் தோழி நெட்டைச்சியும் ஒரே நாளில் ஒரு ஆடிட் கம்பெனிக்கு நேர்காணலுக்குப் போனார்கள். முழுக்கக் கண்ணாடி போட்ட கட்டடம். முடியைக் குட்டையாக வெட்டிய ஒரு அம்மாள் எதிரே உட்கார்ந்து கேள்வி கேட்டாள்.

"கம்பெனி புஸ்தகத்துல இருக்கிற சரக்கும் குடோன்ல இருக்கிற சரக்கும் ஒத்து வரல. என்ன பண்ணுவே?"

"நேர்ல போய் எண்ணிப் பார்ப்பேன் மேடம்."

"எண்ணியும் வரல."

"வேற ஆள வெச்சு இன்னொரு தடவை எண்ணச் சொல்லுவேன். அப்பவும் வரலன்னா, வரலன்னு எழுதுவேன்."

அந்த அம்மாள் பேனாவைக் கீழே வைத்தாள். "நிறைய பேர் எப்படியாவது வர வெச்சுடறாங்க" என்றாள். பிறகு வெளியூர் வேலைகள் இருக்கும், வாரக்கணக்கில் தங்க வேண்டியிருக்கும், நன்றாகச் செய்தால் பயிற்சி முடிந்ததும் இங்கேயே எடுத்துக்கொள்வோம் என்றெல்லாம் விளக்கினாள். சின்னவள் எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். கண்ணாடிக்கு வெளியே மழையில் ஊர் முழுவதும் கீழே கிடந்தது.

அன்று மத்தியானம் அவள் வீடு வந்து சேர நேரமாகிவிட்டது. அப்பா பசியைப் பற்றிப் பேசவே இல்லை.

"எந்த லிப்ட்ல போனே? இடது பக்கமா, வலது பக்கமா?"

"இடது பக்கம்பா."

"ஆறாவது மாடி தாண்டறப்ப ஒரு குலுக்கு குலுக்கிச்சா?"

"ஆமா. எல்லாரும் கம்பியப் பிடிச்சுக்கிட்டாங்க."

அப்பா சிரித்தார். வாய் ஒரு பக்கம் மட்டும்தான் சிரிக்கும். "அது பொறந்ததுலேர்ந்தே அப்படித்தான். நானும் என்னென்னவோ பண்ணிப் பார்த்துட்டேன். உள்ள எப்படி இருக்கு?"

"தரை முழுக்கக் கம்பளம் போட்டிருக்காங்க. நடந்தா சத்தமே வரல."

"கம்பளமா?" என்றார். "நான் லிப்ட் குழிக்குள்ள நின்னு கதவைத் திறக்கறப்ப, போறவங்க வர்றவங்க செருப்பு மட்டும்தான் கண்ணுக்கு நேரா இருக்கும். மேல நிமிர்ந்து பார்க்கத் தோணினதில்ல."

அன்று அவர் வழக்கத்தைவிட இரண்டு கவளம் அதிகமாகச் சாப்பிட்டார்.

இன்னொரு இடமும் இருந்தது. டிப்போவுக்குப் பின்னால், வீட்டிலிருந்து நடந்தே போய்விடலாம். காய்கறியும் பழமும் வைக்கும் குளிர்பதனக் கிடங்கு. அம்மாவோடு காலர் தைக்கும் ஒருத்தியின் தம்பி அங்கே லோடு ஏற்றுகிறான். அவன் சொல்லித்தான் போனாள். ஆபீஸ் என்பது கிடங்கின் வாசலில் பலகை அடித்த ஒரு அறை. அழுகின வெங்காய நாற்றமும் மூக்கில் ஏறும் ஏதோ ஒரு மருந்து நெடியும் சேர்ந்து அடித்தது. கணக்கர் கழுத்தில் மப்ளர் சுற்றி உட்கார்ந்திருந்தார். வெயில் காலத்திலும் அதைக் கழற்ற மாட்டாராம். கிடங்கில் எல்லோரும் அவரை மப்ளர் சார் என்றுதான் கூப்பிட்டார்கள்.

"மத்தியானம் வீட்டுக்குப் போயிட்டு வரணுமா? போயிட்டு வா. இங்க யாரு தேடப் போறா" என்றார்.

"என்ன வேலை சார் குடுப்பீங்க?"

"வேலையா?" அவர் அறையைச் சுற்றிப் பார்த்தார். "பில் இருக்கு. அடுக்கி வைக்கணும். அப்பப்ப ஜெராக்ஸ். கம்ப்யூட்டர்ல வேற ஆள் கை வெச்சா நம்ம முதலாளிக்குப் பிடிக்காது. கடைசிக் கணக்கெல்லாம் வெளியில ஒருத்தர்கிட்ட குடுத்துடுவாரு, நானே பார்த்ததில்ல." பிறகு அவளை உற்றுப் பார்த்து, "கத்துக்கணும்னு வந்தியா, கையெழுத்து வாங்கிட்டுப் போகணும்னு வந்தியா?" என்று கேட்டார்.

"கத்துக்கணும்னுதான் சார்."

"அப்ப வேற எங்கயாவது கிடைச்சா அங்க போயிடும்மா. நான் உள்ளதைச் சொல்றேன், கோச்சுக்காதே."

ஆடிட் கம்பெனியிலிருந்து போன் வந்தபோது அப்பா தூங்கிக்கொண்டிருந்தார். சின்னவள் போனோடு சந்துக்கு ஓடினாள். தேர்வாகிவிட்டாள். நாளைக்குள் பதில் சொல்ல வேண்டும். தூறலில் நின்றபடியே சரி மேடம், சரி மேடம் என்றாள். உள்ளே வந்து பார்த்தபோது அப்பா விழித்திருந்தார். "யாரு?" என்றார். "காலேஜ்ல இருந்துப்பா" என்றாள்.

அன்று சாயங்காலம் அம்மா வந்து, நனைந்த சேலையைக்கூட மாற்றாமல் அடுப்படியில் நின்றுகொண்டு விஷயத்தைக் கேட்டாள். முகம் மலர்ந்தது. உடனே வாடியும் போனது. இரண்டையும் சின்னவள் பார்த்தாள்.

"சூப்பர்வைசர்கிட்ட முன்னாடியே கேட்டுப் பார்த்தேன்டி. மத்தியானம் ஒரு நடை வந்துட்டுப் போறேன்னு. உனக்கு விட்டா நாளைக்கு எல்லாரும் கேப்பாங்கன்னுட்டான்."

"அக்கா என்ன சொன்னா?"

"ஆறு மாசம் அப்பாவ இங்க அனுப்புன்னுதான் சொன்னா. மாப்பிள்ளைகிட்ட கேட்டியாடின்னேன். அவர் ஒண்ணும் சொல்லலம்மாங்கறா. ஒண்ணும் சொல்லலன்னா அதுக்கு என்ன அர்த்தம்னு எனக்குத் தெரியாதா?"

"நீ என்னம்மா சொல்றே?"

"நான் என்ன சொல்ல? படிச்சவ நீ. எது நல்லதுன்னு உனக்குத் தெரியாதா?" அம்மா சுவரைப் பார்த்துக்கொண்டு பாத்திரத்தைத் தேய்த்தாள். தேய்த்த பாத்திரத்தையே திரும்பவும் தேய்த்தாள். "நீ போ. நான் பார்த்துக்கறேன்."

அம்மா பார்த்துக்கிறேன் என்று சொன்னால், பார்த்துக்கொள்ள ஒரு வழியும் இல்லை என்றுதான் அந்த வீட்டில் அர்த்தம். சின்னவள் இரவு முழுவதும் புரளவில்லை, அழவும் இல்லை. நன்றாகவே தூங்கினாள். காலையில் எழுந்து கண்ணாடிக் கட்டடத்துக்குப் போன் செய்து, வீட்டில் சூழ்நிலை சரியில்லை, வர முடியாது என்று சொன்னாள். அந்த அம்மாள் "சரி, உன் இஷ்டம்" என்றாள். அதோடு முடிந்தது.

அப்பாவிடம்தான் எப்படிச் சொல்வது என்று அவள் யோசித்து வைக்கவில்லை.

"கிடைக்கலப்பா."

"ஏன்?"

ஏன் என்று கேட்பார் என்பதுகூட அவளுக்குத் தோன்றியிருக்கவில்லை. வாயில் வந்ததைச் சொன்னாள். "இங்கிலீஷ் போதாதாம்."

அப்பா முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். அன்று மத்தியானம் பாதிச் சோறு தட்டிலேயே நின்றுவிட்டது.

கிடங்கில் சேர்ந்தாள். பில் அடுக்கினாள். உருளைக்கிழங்கு பில் ஒரு பெட்டி, ஆப்பிள் பில் ஒரு பெட்டி. லாரி வந்தால் டிரைவரிடம் கையெழுத்து வாங்கினாள். மப்ளர் சார் நல்ல மனுஷன், தெரிந்ததைக் கேட்டால் சொல்வார். ஆனால் கேட்பதற்கு அங்கே ஒன்றும் நடக்கவில்லை. மத்தியானம் அவர் சாப்பிட்டுவிட்டு மேசைமேல் தலையைச் சாய்ப்பார். அவள் குடையை எடுத்துக்கொண்டு சேற்றில் கால் வைக்க இடம் தேடித் தேடி வீட்டுக்கு ஓடுவாள். ஊட்டிவிட்டு, வாய் துடைத்துவிட்டு, நின்றபடியே தானும் இரண்டு வாய் அள்ளிப் போட்டுக்கொண்டு திரும்புவாள். இந்த வாரம் என்ன கற்றாய் என்று கல்லூரிக்கு எழுதித் தர வேண்டும். என்ன எழுதுவது என்று தெரியாமல் போன வாரம் எழுதியதையே கொஞ்சம் மாற்றி எழுதுவாள்.

அப்பா கண்ணாடிக் கம்பெனியைத் திட்டத் தொடங்கியிருந்தார். ஊட்டும்போதெல்லாம் அதே பேச்சு.

"கணக்குக்கு எதுக்குடி இங்கிலீஷ்? எண்ணுக்கு ஏது பாஷை?"

"விடுங்கப்பா. வாயத் திறங்க."

"எனக்கு மட்டும் இங்கிலீஷா தெரிஞ்சுது? அவனுங்க லிப்ட் பாதியில நின்னப்ப என்னைத்தானே கூப்பிட்டானுங்க?" கொஞ்ச நேரம் மென்றுவிட்டு வேறு குரலில் சொல்வார்: "உங்கம்மா அப்பவே சொன்னா, மார்க்கெட் ரோட்டுப் பள்ளிக்கூடத்துல போடுன்னு. நான்தான் எல்லாம் ஒண்ணுதான்னுட்டேன்."

சின்னவளுக்கு ஊட்டுகிற கை நின்றுவிடும். இப்போது சொல்லிவிடலாமா என்று தோன்றும். சொன்னால் இந்தச் சோறு அவருக்கு இறங்காது என்றும் தோன்றும். அடுத்த கவளத்தைப் பிசைவாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நெட்டைச்சி வந்தாள். கையில் பிஸ்கட் டப்பா. நிலை இடிக்காமல் குனிந்து உள்ளே வந்தவள், ஈரத்துணிகளுக்கு நடுவில் தலையை நீட்டி அப்பாவுக்கு வணக்கம் சொன்னாள். அம்மா காபி போட எழுந்தாள். நெட்டைச்சி வெளியூர் போய்வந்த கதையைச் சொன்னாள். ஏதோ சிமெண்ட் கம்பெனியாம். மூட்டைகளை எண்ணுவதற்கு ஏணியில் ஏறினாளாம். இறங்கும்போது தலையெல்லாம் நரைத்துப்போன மாதிரி இருந்ததாம். எல்லோரும் சிரித்தார்கள். அப்பாவும் ஒரு பக்கமாகச் சிரித்தார். அந்தச் சிரிப்போடு சிரிப்பாகத்தான் அவள் சொன்னாள்.

"எல்லாம் இவளாலதான் அங்கிள். இவ வேணாம்னு சொல்லிட்டதாலதானே என்னைக் கூப்பிட்டாங்க. அந்த மேடம் இன்னைக்கும் கேக்கறாங்க, உன் பிரெண்ட் ஏன் வரலன்னு."

அம்மா காபித் தம்ளரோடு அப்படியே நின்றாள். நெட்டைச்சி ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். தான் என்ன உடைத்தோம் என்று அவளுக்குத் தெரியவில்லை. ஏதோ உடைந்தது என்று மட்டும் தெரிந்தது. காபியைச் சூட்டோடு குடித்துவிட்டுக் கிளம்பினாள்.

டிப்போவில் ஒரு பஸ்ஸைக் கிளப்பப் பார்த்தார்கள். அது உறுமி உறுமி நின்றது.

"இங்கிலீஷ் போதாதுன்னியே" என்றார் அப்பா.

"அப்பா..."

"தினம் அதத்தானே நெனச்சுக்கிட்டுப் படுத்திருந்தேன். எம் புள்ளைய நான்தான் கெடுத்துட்டேன்னு." குரல் உயரவே இல்லை. "உனக்குத் தெரியுமாடி இது?" என்று அம்மாவைக் கேட்டார். அம்மா தரையைப் பார்த்தாள். "சரி. எல்லாருக்கும் தெரியும்."

"உங்களுக்காகத்தான்பா. மத்தியானம்..."

"என்னைக் கேட்டியா?"

அவள் கயிற்றில் தொங்கிய ஈரத்துணியின் ஓரத்தைப் பிழிந்தாள்.

"இப்ப மாத்திக்க முடியாதா?"

"முடியாதுப்பா. காலேஜ்ல எழுதிக் குடுத்தாச்சு. அங்கயும் இடமில்ல."

"கையும் காலும்தான் போச்சுன்னு நெனச்சேன்" என்றார். "என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கறதுகூடப் போச்சா?"

மறுநாள் மத்தியானம் அவள் வந்தபோது கதவு உள்ளே தாழிட்டிருந்தது. முதலில் பயந்துபோய்த் தட்டினாள். பிறகு ஜன்னலுக்கு ஓடினாள். கம்பிக்கு அந்தப் பக்கம், கை நீட்டினால் தொடும் தூரத்தில், அப்பா சுவரைப் பார்த்து ஒருக்களித்துப் படுத்திருந்தார்.

"கதவைத் திறங்கப்பா."

"வேலைக்குப் போ."

"சாப்பிடணுமே."

"பசிக்கல. போ."

சந்தில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த பெண்கள் பார்த்தார்கள். அவள் குடையைப் பிடித்துக்கொண்டு நேரம் ஆகும்வரை ஜன்னலடியிலேயே நின்றுவிட்டுத் திரும்பினாள். சாயங்காலம் அம்மா கூப்பிட்டபோது கதவு திறந்தது. காலையில் மூடிவைத்த சோறு மூடியபடியே இருந்தது. அதற்கு மறுநாளும் அப்படியே. அம்மா இரண்டு பேரிடமும் பேசிப் பார்த்தாள். "என்னை நடுவுல போட்டு ஏன் அரைக்கறீங்க?" என்றாள். கடைசியில் அவளும் ஓய்ந்தாள். தினமும் சின்னவள் வருவாள், தட்டுவாள், ஜன்னலில் நிற்பாள், போவாள். உள்ளே சில நாள் ஏதோ பாத்திரம் உருளும் சத்தம் கேட்கும். என்னப்பா என்பாள். ஒன்றுமில்லை, போ என்று பதில் வரும். ஒருநாள் சாயங்காலம் தரையில் சோற்றுப் பருக்கைகள் காய்ந்து ஒட்டிக் கிடந்தன. பூனை வந்திருக்கும் என்றார்.

பிறகு ஒருநாள் கதவு திறந்திருந்தது.

அப்பா நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். முன்னால் முக்காலியில் தட்டு. சோற்றுப் பானையிலிருந்து முக்காலி வரை தரையில் சோறு ஒரு கோடாகச் சிந்தியிருந்தது. மூடி கட்டிலுக்கு அடியில் கிடந்தது. சட்டை முன்பக்கம் முழுவதும் பருப்பு. இடது முழங்கை கன்றிக் கறுத்திருந்தது.

"விழுந்தீங்களாப்பா?"

"இல்ல. உட்கார்ந்தேன். கொஞ்சம் வேகமா." அவள் ஓடி வரப் பார்த்தாள். "கிட்ட வராதே. அங்கயே உட்காரு."

அவள் வாசற்படியோரம் உட்கார்ந்தாள். அப்பா இடது கையால் பிசைந்தார். அந்தக் கைக்குப் பிசையத் தெரியவில்லை. அள்ளித் தூக்கினால் பாதி வழியில் விரல் விரிந்து சோறு மடியில் விழுந்தது. திரும்ப அள்ளினார். வாய்க்குப் போனது கொஞ்சம், மோவாயில் வழிந்தது கொஞ்சம். மூச்சு வாங்கியது. சற்று நிறுத்திவிட்டு மறுபடி தொடங்கினார். சின்னவள் இரண்டு கைகளையும் மடியில் இறுக்கிக் கோத்துக்கொண்டாள். கோக்காவிட்டால் அவை தாமாகவே எழுந்து போய்விடும் போலிருந்தது. மத்தியானம் முழுவதும் அந்த ஒரு தட்டில் போனது. தட்டில் இருந்ததில் பாதிதான் உள்ளே போயிருக்கும். அவர் கையை உதறிவிட்டு நிமிர்ந்தார்.

"பார்த்தியா?"

"பார்த்தேன்பா."

"நாளையிலேர்ந்து வராதே. ஆபீஸ்லயே சாப்பிடு. இனிமே எவனாவது கூப்பிட்டா, என்னைக் கேக்காம வேணாம்னு சொல்லாதே."

சொல்லமாட்டேன் என்றாள். இனி யார் கூப்பிடுவார்கள் என்று அவள் கேட்கவில்லை. சிந்தியதைப் பெருக்க விளக்குமாற்றை எடுத்தாள். "வெச்சிட்டுப் போ, நேரமாச்சு" என்றார்.

மறுநாள் மத்தியானம் அவள் டிபன் பாக்ஸை மேசைமேல் வைத்தாள். மப்ளர் சார் சாப்பிட்டு முடித்துத் தலை சாய்க்கப் போனவர், அவளைப் பார்த்து நிமிர்ந்தார்.

"வீட்டுக்குப் போகலயாம்மா?"

"இல்ல சார். அப்பா தானே சாப்பிட்டுக்குவாரு. இனிமே போக வேண்டாம்."

"நல்லதாப் போச்சு" என்றார். பிறகு உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்பியவராகக் கேட்டார்: "அப்ப இங்க எதுக்கும்மா இருக்கே?"

வாசலில் லாரி ஒன்று பின்பக்கமாக வந்து நின்றது. உருளைக்கிழங்கு. இறக்குவதற்கு ஆட்கள் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு மழைக்குள் ஓடினார்கள். மப்ளர் சார் பதிலுக்குக் காத்திருக்கவில்லை, தூங்கிப்போனார். சின்னவள் டிபன் பாக்ஸைத் திறந்தாள். இத்தனை நாளாக நின்றுகொண்டே சாப்பிட்டவளுக்கு, உட்கார்ந்து சாப்பிட நேரம் ரொம்ப அதிகமாக இருந்தது.